தண்டவாளம் போனாலும் தடம் இருக்கிறது

எங்கள் நாகலாபுரத்துக்கு ரயில் கிடையாது. புத்தூர் போய்த்தான் ஏறணும். அதனாலோ என்னவோ, ரயில் நின்றுபோன சிங்கப்பூர்த் தடம் என்னை ஈர்த்தது. 1932இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து மலேசிய ரயிலின் கடைசி வண்டி 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டது. பிறகு தண்டவாளங்களைப் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். ஆனால் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நிலத்தைக் கூறுபோடாமல், நடக்கவும் சைக்கிள் விடவும் பசுமைப் பாதையாக்கி வருகிறார்கள். ரயிலுக்காகச் செங்குத்து ஏற்றமின்றிப் போட்ட தடம், மிதிக்க லேசு. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களும் நிற்கின்றன.

மலாயா ரயில்வேயில் மண் சுமந்தவர்களிலும் தண்டவாளம் பராமரித்தவர்களிலும் நம் தமிழர் ஏராளம். பாலத்தைக் காத்தாயிற்று; அவர்கள் நினைவைக் காப்பது யார்? பேரப்பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லணும்?