கூப்பன் அரிசி காட்டிய வழி

நமது பாடசாலைகளில் இலங்கைச் சரித்திரம் படிப்பிக்கும்போது டொனமூர் வந்தார், சோல்பரி வந்தார், அரசியல் யாப்பு வந்தது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறோம். 1942ஆம் ஆண்டு தொடக்கம் 1970களின் இறுதி வரை இந்நாட்டின் வீடுகளிலெல்லாம் உறுதிப் பத்திரத்துக்கு அடுத்தபடியாகப் பேணப்பட்ட ஒரு சிறு புத்தகத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. அதுதான் கூப்பன் புத்தகம். கூப்பன் என்ற சொல்லே நம் கிராமங்களில் தமிழாகிவிட்டது. கூப்பன் அரிசி என்றால் விளக்கம் கேட்பாரில்லை.

அரசாங்கம் ஏழைக் குடும்பத்துக்கு உணவு கொடுத்தது என்பது மாத்திரமன்று நாம் இங்கு ஆராயப் புகுவது. அவ்வுணவைப் பெறப்போன வழியிலேயே அக்குடும்பம் வைத்தியசாலையையும் பள்ளிக்கூடத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் எவ்வாறு சென்றடைந்தது, யார் அவ்வழியில் தடுத்து நிறுத்தப்பட்டனர் என்பதே நமது விடயம். இவ்வரலாற்றில் இடதுசாரி இயக்கத்துக்குப் பெருமையும் உண்டு. மறைக்கத் தகாத ஒரு வடுவும் உண்டு.

கதை கூப்பனுக்கு முன்னரே தொடங்குகிறது. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. வழமையாக நீர் பெருகி ஓடும் ஈரவலயத்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த மலேரியாக் கொள்ளை நோய் 1935 நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஓலமாயிருந்தது. அக்காலத்தில் கிராமத்தவன் அரசாங்கத்தின் முகத்தைக் கண்டதெல்லாம் முதலியார், ஆராச்சி, விதானை என்ற படிவரிசையின் ஊடாகத்தான். வரிக்கும் வழக்குக்கும் அவனைத் தேடி வந்த அந்த ஏணி, நோய்க்கு மருந்து கொண்டுவரப் பழகியதன்று.

சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குள் இறங்கியது இவ்வேளையில்தான். ஏகாதிபத்தியத்தின் பொப்பி மலருக்கு எதிராகச் சூரிய மலர் விற்றவர்கள் அவர்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலியோர் அவர்களுள் முன்னின்றனர். கொயினா மாத்திரை கொண்டு போனவர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். பட்டினி கிடக்கும் உடம்பில் கொயினா மாத்திரம் எதைச் சாதிக்கும்? ஆகவே மருந்தோடு பருப்பும் போயிற்று. மாமைற் என்னும் சத்துக்கழி உருண்டைகளாக்கப்பட்டு மருந்து போலவே வழங்கப்பட்டது. என். எம். பெரேராவுக்குக் கிராமத்தவர் இட்ட பெயர் 'பருப்பு மாத்தையா'. பல்கலைக்கழகப் பட்டங்கள் பல பெற்ற மனிதருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்கவில்லை என்பது நமது எண்ணம். 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சி பிறந்தது. மறு ஆண்டு ருவன்வெல்லையில் என். எம்மும் அவிசாவளையில் பிலிப்பும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். பருப்பைக் கொண்டு வாக்கு வாங்கினார்கள் என்று இகழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் பருப்போடு நாடித்துடிப்பைப் பார்க்கவும் ஒருவர் வந்தார் என்பதைத்தான் கிராமம் நினைவில் வைத்திருந்தது.

1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு ஒரே நாளில் அடுப்பணையும் நிலை. பங்கீடு வந்தது. ஆளுக்கொரு கூப்பன், கிழமைக்கு இவ்வளவு அரிசி, நிர்ணயித்த விலை. அதை விற்பதற்குக் கிராமந்தோறும் கடை வேண்டும். பதுக்கல் வியாபாரியை நம்ப முடியாது. யுத்த ஆண்டுகளிலேயே கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. நம்மவர் அவற்றைச் 'சங்கக்கடை' என்றனர்.

கூப்பனின் சிறப்பு அதன் அரிசியில் மாத்திரம் இல்லை. அது எல்லாருக்கும் கிடைத்தது. நீ ஏழையா, எவ்வளவு ஏழை, அதற்கு அத்தாட்சி எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவருக்கும் கோவணத்தவருக்கும் சங்கக்கடைக் கொத்து ஒன்றே; கொத்து என்றால் இரண்டு இறாத்தல். தீண்டாமையால் பள்ளிக்கூடத்தில் சமஆசனமும் மறுக்கப்பட்ட நமது வடபுலத்தில், ஒருவனுக்கு உரிய அளவு சட்டத்தால் எழுதி வைக்கப்பட்டிருந்தது சிறு விடயமன்று. அளந்தவனின் முகம் எப்படியிருந்தது என்பது வேறு கதை. அதற்கு முன்னர் அரசாங்கத்தின் ஏட்டில் இல்லாதிருந்த குடும்பம், கூப்பனால் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறிய குடும்பத்தை மற்றவர்களும் கண்டுகொள்ள முடிந்தது.

குறைகள் இருக்கவே செய்தன. இறந்தவர் பெயரில் அரிசி வாங்கிய கதை இல்லாத ஊரில்லை. கூப்பன் புத்தகத்தைக் கடைக்காரனிடம் ஈடு வைத்து அவசரக் கடன் பட்டவர்களும் உண்டு. ஈடு வைக்கத் தகுந்த சொத்தாக ஏழையிடம் இருந்தது அது ஒன்றே என்பதை இதனைப் பழிப்பவர்கள் சிந்திப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு வாதத்தையும் குறிப்பிடவேண்டும். 1946க்கும் 1947க்கும் இடையில் இந்நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு இருபதளவிலிருந்து பதினான்களவுக்கு வீழ்ந்தது. நுளம்பைக் கொன்ற டீ.டீ.ரீ. மருந்தே காரணம் என்பர் ஒரு சாரார். அரிசியும் கிராமத்து வைத்தியசாலைகளும் தாதிமாரும் இலவசக் கல்வியும் சேர்ந்தே காரணம் என்பர் மறுசாரார். பருப்பும் கொயினாவும் ஒரே கூடையில் போன 1935இன் அனுபவத்தை அறிந்த நமக்கு, இவற்றைப் பிரித்து நிறுத்துப் பார்ப்பதில் அவ்வளவு நாட்டமில்லை.

பாடசாலையை எடுத்துக்கொள்வோம். 1945இல் கல்வி இலவசமாயிற்று. ஆனால் காலையில் வெறுவயிற்றோடு வந்த பிள்ளைக்குக் கல்வியின் விலை பூச்சியமாயிருந்து என்ன பயன்? மதிய உணவு பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்தது. பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் எழுத்தும் அடைந்தது, அம்மைப்பால் குத்துபவரும் அடைந்தார். இதை ஆசிரிய நண்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்த அரசாங்கம் என்ன பாடுபட்டது என்பதை 1953 காட்டியது. அவ்வாண்டு யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன கொத்தரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஸ்தம்பித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது பத்துப் பேர் மாண்டனர், மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க் கப்பலில் கூடியது. ஒக்தோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலை 55 சதத்துக்கு இறங்கியது. 1956க்குப் பின் 40 சதமாகவும், 1960இல் 25 சதமாகவும் குறைந்தது. 1962இல் அரைக்கொத்தைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் பீலிக்ஸ் டயசும் பதவியை விட நேர்ந்தது.

1956 அரசாங்கத்தில் விவசாய, உணவு அமைச்சராக அமர்ந்தவர், இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மலேரியாக் கிராமங்களில் நடந்த அதே பிலிப் குணவர்தன. 1957இல் அவர் தொடக்கிய பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம் கூப்பன் கடையை வெறும் கடையாக விட்டுவைக்கவில்லை. அரிசி வாங்க வந்த விவசாயி அதே சங்கத்தில் பயிர்க் கடன் பெற்றான், பசளை பெற்றான், தன் நெல்லைப் புசலுக்குப் பன்னிரண்டு ரூபா உத்தரவாத விலையில் ஒப்படைத்தான். தன் நெல்லை விற்றுவிட்டு அரசாங்கத்தின் இறக்குமதி அரிசியை மலிவாக வாங்கி உண்டான் என்று பொருளியலாளர் கேலி செய்வதுண்டு. வட்டிக்காரனிடமிருந்து ஒருவன் தப்புவதற்கு அது விலையென்றால் பெரிய விலையன்று.

இனி மலைநாட்டுக்கு வருவோம்.

தேயிலைத் தோட்டத்திலும் அரிசி வழங்கப்பட்டது. கிராமத்துக்கு முன்னரே, வெள்ளைத் துரைமார் காலத்திலிருந்தே வழங்கப்பட்டது. ஆனால் அவ்வரிசி சம்பளத்தில் கழிக்கப்படும் அரிசி. பெயர் இருந்தது செக்குறோலில், அளந்தது தோட்டம், வைத்தியம் பார்த்ததும் தோட்டம், பிள்ளைக்கு ஓரறைப் பள்ளி வைத்ததும் தோட்டம். கிராமத்தவனுக்குக் கூப்பன் அரசாங்கத்தின் பல வாசல்களைத் திறந்துவிட்டது. தொழிலாளிக்கோ உணவும் மருந்தும் எழுத்தும் ஒரே வாசலில், துரையின் காரியாலய வாசலில், நின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியபோது, அந்த ஒரு வாசலுக்கு அப்பால் முறையிட அவனுக்கு வேறிடமும் இல்லாமற் போயிற்று. கூப்பன் அரிசி லயத்துக்கும் வந்ததுதான். ஆனால் அரிசியின் பின்னால் வரவேண்டியவை வரவில்லை.

இதன் விலை 1970களில் தெரிந்தது. 1966 இறுதியில் இரண்டு கொத்து ஒன்றாகியிருந்தது; அந்த ஒன்று இலவசமானது என்பது ஆறுதல். 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்றார் சிறிமாவோ பண்டாரநாயக்க. கூட்டரசாங்கத்தின் நிதியமைச்சர் என். எம். பெரேரா, பெருந்தோட்ட அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1972 முதல் உலகத் தானிய விலை ஏறியது. எண்ணெய் விலையும் ஏறியது. 1973இல் இலவச அரிசி அரைக்கொத்தாயிற்று. மாவின் விலையும் ஏறியது. கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளித் துண்டாவது நட நிலமிருந்தது. லயத்தவனுக்கு அடுப்படியைத் தாண்டினால் துரையின் தேயிலை. ரொட்டிக்கு மாவும் இல்லாத குடும்பங்கள் மலைநாட்டுப் பட்டினங்களின் வீதிகளில் கையேந்தின. 1974இல் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயதைக் காணவில்லை. நாட்டின் சராசரியோ அதிற் பாதியளவே.

பருப்பு மாத்தையா நிதியமைச்சராயிருந்த காலத்தில் இது நடந்தது. அந்நியச் செலாவணி இல்லை, உலகச் சந்தை நம் கையில் இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆயினும் நெருக்கடி எல்லாருக்கும் ஒரே அளவாக வரவில்லை என்பதும், யார் முதலில் சாவார்கள் என்பது கணக்குத் தெரிந்த எவரும் முன்கூட்டியே சொல்லக்கூடியதாயிருந்தது என்பதும் உண்மைதான். 1935இல் நோயாளியின் படுக்கை வரை நடந்து சென்ற இயக்கம், 1974இல் லயத்தின் படி வரை செல்லவில்லை. இதைச் சொல்லாமல் ஹர்த்தாலின் பெருமையை மட்டும் நாம் பேசுவது நேர்மையாகாது.

அதே 1973ஆம் ஆண்டில்தான் திரிபோஷாவும் தொடங்கியது என்பது சரித்திரத்தின் விசித்திரம். கெயார் நிறுவனத்தின் உதவியோடு சுகாதார அமைச்சு தொடங்கிய திட்டம் இது. தொடக்கத்தில் வந்தது அமெரிக்காவின் மிகைத் தானியம். விற்க முடியாததைத் தருமம் செய்யும் கலையில் அந்நாட்டார் வல்லவர். பின்னர் உள்ளூர்ச் சோளமும் சோயாவும் சேர்ந்து இங்கேயே செய்யப்பட்டது. கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த குழந்தைக்கும் மாதம் இரண்டு பைக்கற்று. அதனைக் கடையில் வாங்க முடியாது. தாய்சேய் நிலையத்துக்கு வரவேண்டும். வந்தால் குழந்தையைத் தராசில் ஏற்றுவார்கள். அட்டையில் கோடு கீறுவார்கள். தடுப்பூசி தவறியிருந்தால் அன்றே போடுவார்கள். வராத வீட்டை மருத்துவமாது தேடிப் போவாள். மாவுக்காக வந்த தாய் மருத்துவமாதை அறிந்துகொண்டாள். மருத்துவமாது வீட்டை அறிந்துகொண்டாள். உணவைக் கொண்டு குடும்பத்தைச் சேவையோடு இணைத்ததற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் நம் நாட்டில் இல்லை.

கூப்பனின் முடிவைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1978 சனவரியில் மாதம் முந்நூறு ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் எனக் கூப்பன் சுருக்கப்பட்டது. சனத்தொகையின் பாதி வெளியேறியது. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏறியது, முத்திரையில் அச்சிட்ட ரூபா ஏறவில்லை. சில ஆண்டுகளுள் அதன் பெறுமதி பாதியாய்க் கரைந்தது. 1980இல் புதுப் பெயர் பதிவதும் நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏழையானவன் ஏழை என்று எழுதப்படவில்லை. இங்கும் ஒரு வேடிக்கை. கிராமத்தவரின் வருமானம் அவர் சொல்வதே. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ சதம் பிசகாமல் செக்குறோலில் இருந்தது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை ஆகியோரின் சம்பளத்தைக் கூட்டினால் முந்நூறைத் தாண்டிவிடும். ஒளிக்க முடியாத வறுமை உதவவில்லை. ஒளிக்க முடியாத சம்பளம் வெளியே தள்ளியது.

பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. ஒவ்வொன்றும் முன்னையதைவிடச் சரியாக ஏழையைத் தெரிவுசெய்வதாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அஸ்வெசுமவில் குடும்பத்தின் நிலைமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்பட்டது. தெரிவானால் வங்கிக் கணக்கில் பணம் விழும். பணம் விழும் வீட்டில் குழந்தையின் எடை என்னவென்று அந்த வங்கி கேட்காது. 2022 நெருக்கடியில் சோளம் கிடையாமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டபோது, அதைக் கேட்டுவந்த தராசடிக்குத் தாயை அழைக்கும் பைக்கற்றும் இல்லாமற் போயிற்று.

2023 நடுப்பகுதியில் அஸ்வெசுமப் பெயர்ப் பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் வாசல்களில் மேன்முறையீட்டு மனுக்களோடு நீண்ட வரிசைகள் நின்றன. மலைநாட்டில் அவ்வரிசையில் லயத்துக் குடும்பங்களும் நின்றன. விலாசம் எழுதவேண்டிய இடத்தில் அவர்களுட் பலர் எழுதியது தோட்டத்தின் பெயரை.