ராஜாவுக்கு 25, தொழிலாளிக்கு 1

யோகான் டெட்சல் ஓர் ஊருக்குள் நுழைகிறார் என்றால் அன்று அங்கே திருவிழா. மணி முழங்கும். குருக்களும் நகரசபையாரும் பள்ளிப் பிள்ளைகளும் மெழுகுவத்தியும் கொடியுமாகப் போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். போப்பாண்டவரின் ஆணை மெத்தை மேல் வைத்து முன்னே ஏந்தி வரப்படும். கோயில் நடுவில் சிவப்புச் சிலுவை நட்டு, போப்பாண்டவரின் சின்னம் பொறித்த கொடியைக் கட்டுவார்கள். பிறகு பிரசங்கம். பக்கத்தில் பணப்பெட்டி.

1517-ல் ஜெர்மன் நாட்டு ஊர்களில் இந்தத் தோமினிக்கன் துறவி விற்றவைதான் பாவமன்னிப்புச் சீட்டுகள். பள்ளிப் பாடப் புத்தகம் வில்லனாகக் காட்டும் ஆள் இவர். ஆனால் அவருடன் ஊர் ஊராகப் போன இன்னொருவரைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுகர் வட்டிக்கடையின் கணக்குப்பிள்ளை அவர். பெட்டி திறக்கும்போது அவரும் இருந்தாக வேண்டும். கோயிலுக்குள் வட்டிக்கடை ஆளுக்கு என்ன வேலை?

பிராண்டன்பர்க் அரச குடும்பத்தில் பிறந்த ஆல்பிரெக்ட் 1513-லேயே மாக்டபர்க் பேராயர். ஹால்பர்ஸ்டாட் மறைமாவட்டமும் அவர் கையில். அடுத்த ஆண்டு மைன்ஸ் பேராயர் பதவி காலியானது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் மைன்ஸ் பேராயரும் ஒருவர், விடுவாரா? ஆனால் வயது 24தான். திருச்சபைச் சட்டப்படி ஆயராவதற்கு 30 வயது நிரம்ப வேண்டும். ஒருவரே பல பீடங்களில் உட்காரவும் கூடாது. சட்டத்தைத் தளர்த்தும் அதிகாரம் ரோமுக்கு உண்டு. தளர்த்துவதற்குக் கட்டணமும் உண்டு.

பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயரால் ரோம் 12,000 டுகாட் கேட்டதாம். ஏழு தலையான பாவங்களை முன்வைத்து ஆல்பிரெக்ட் தரப்பு 7,000 என்றதாம். கடைசியில் பத்துக் கட்டளைக் கணக்கில் 10,000-க்குப் படிந்ததாம். இது கிண்டல் கதை. தொகை கிண்டல் இல்லை. மற்ற பதவிக் கட்டணங்களும் சேர்ந்துகொள்ள, யாக்கோப் ஃபுகரிடம் ஆல்பிரெக்ட் 29,000 கில்டர் கடன் வாங்கினார்.

கடனை அடைக்க வழியும் ரோமிலிருந்தே வந்தது. புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்ட 1506-ல் அடிக்கல் போட்டிருந்தார்கள். அந்தத் திருப்பணிக்கென்று 1515-ல் போப்பாண்டவர் பத்தாம் லியோ ஆல்பிரெக்ட்டின் சீமைகளில் சீட்டு விற்க அனுமதி தந்தார். வசூலில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுகர் கடனுக்கு. ஜனங்களுக்குச் சொன்னது முதல் பாதியை மட்டும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. காசு கொடுத்தால் பாவம் போய்விடும் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் மன்னிக்கப்படும். அதற்குரிய தண்டனை மிச்சமிருக்கும். அதை இங்கேயோ, இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ அனுபவிக்க வேண்டும். கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்து வைத்த புண்ணியக் கருவூலத்திலிருந்து எடுத்து அந்தத் தண்டனையைக் குறைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு; இது 1343-ல் ஆறாம் கிளமென்ட் வகுத்தது. 1476-ல் நான்காம் சிக்ஸ்துஸ் அந்தச் சலுகையை இறந்தவர்களின் ஆன்மாக்களுக்கும் நீட்டினார். வினை அங்கேதான் வந்தது. இறந்த தாய் தகப்பனுக்காகப் பணம் போடுகிறவர் மனஸ்தாபப்படவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ தேவையில்லை என்று ஆல்பிரெக்ட் பெயரில் வந்த விற்பனை அறிவுரை எழுத்திலேயே சொன்னது. போதனைக்கும் பெட்டிக்கும் நடுவில் மீதியிருந்த தடுப்பும் போயிற்று.

அந்த அறிவுரையில் விலைப்பட்டியலும் இருந்தது. ராஜா, ராணி, பேராயர், ஆயர் என்றால் 25 பொன் கில்டர். மடாதிபதி, பிரபு என்றால் 10. ஆண்டு வருமானம் 500 கில்டர் உள்ளவருக்கு 6, 200 உள்ள வியாபாரிக்கு 3, கைத்தொழிலாளிக்கு 1, அதற்கும் கீழே அரை. காசே இல்லாத ஏழை ஜெபத்தாலும் உபவாசத்தாலும் செலுத்தலாம், பரலோக ராஜ்யம் பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல என்று ஒரு வரி. அந்தப் பட்டியலில் சுவிசேஷத்தின் வாடை அடிக்கும் ஒரே வரி அதுதான் என்பேன்.

சீட்டு அச்சடித்த படிவம். பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருப்பார்கள். வாங்கியவர் பெயரை மையால் நிரப்பித் தருவார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன், 1454-55-ல், இதே மைன்ஸில் குட்டன்பர்க் காலத்து அச்சகங்கள் முதன்முதலில் அடித்துத் தள்ளிய சரக்குகளில் இப்படிப்பட்ட படிவங்களும் உண்டு.

விட்டன்பர்க் இருந்த சாக்சனிக்குள் டெட்சலுக்கு அனுமதி இல்லை. காரணம் கொள்கை அல்ல. அதன் அதிபதி பிரெடெரிக்கிடமே புனிதர்களின் எலும்பும் உடைத்துண்டுமாக, 1509-ம் ஆண்டுப் பட்டியல்படி 5,005 புனிதப் பொருள்கள் இருந்தன. அவற்றைத் தரிசித்தாலும் தண்டனைக் குறைப்பு உண்டு. உள்ளூர்க் காணிக்கை வெளியூர் போவானேன்? ஜனங்களோ எல்லை தாண்டி யூட்டர்போக் போய்ச் சீட்டு வாங்கிவந்து, விட்டன்பர்க் குருவிடம் காட்டினார்கள். அந்தக் குரு மார்ட்டின் லுத்தர்.

1517 அக்டோபர் 31-ல் லுத்தர் ஒரு கடிதமும் 95 வாதங்களும் அனுப்பினார். கோயில் கதவில் ஆணியடித்தார் என்பது அவர் இறந்தபின் அவருடைய சகா மெலாங்டன் எழுதியது. ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கடிதம் அனுப்பியதில் சந்தேகமே இல்லை. மூலப்பிரதி ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. கடிதம் யாருக்கு? ஆல்பிரெக்ட்டுக்கு! கடன் விவகாரம் தெரியாமல், கடன்காரரிடமே முறையிட்டார் லுத்தர். பெரும் செல்வரான போப்பாண்டவர் தம் சொந்தப் பணத்தில் பேராலயம் கட்டக்கூடாதா என்பது அவர் எழுப்பிய வாதங்களில் ஒன்று.

பழி முழுதும் டெட்சல் தலையில் விழுந்தது. 1519-ல் லைப்சிக்கில் அவர் சாகக் கிடந்தபோது, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் நீங்கள் இல்லை என்ற பொருளில் ஆறுதல் கடிதம் எழுதியவர் அதே லுத்தர். பணத்துக்குச் சலுகை தரும் முறையை 1567-ல் ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார்.

ஆல்பிரெக்ட் கர்தினால் ஆகி, ஹாலே நகரக் கோட்டையில் ஆடம்பரமாக வாழ்ந்தார். கடனும் கூடவே வளர்ந்தது. 1541-ல் அவருடைய சீமைப் பிரதிநிதிகள் 5 லட்சம் கில்டர் கடனை ஏற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு, மக்கள் லுத்தர் வழியில் வழிபடலாம் என்று அவர் அனுமதித்தார்.

அதே ஹாலேயில் படித்த லுத்தர் வழி இளைஞர் ஒருவர்தான் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பெயர் சீகன்பால்கு. அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)