கம்பெனி பேண்டும் தீட்சிதரும்

ரமணாசிரமத்துக்கு அடுத்த தெருவில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறேன். முத்துசாமி தீட்சிதர் என்றாலே சமஸ்கிருதம், சவுக்க காலம் என்று பெற்றோர்கள் மிரளுகிறார்கள். நான் அவருடைய ‘சந்ததம் பாஹிமாம்’ உருப்படியில் தொடங்குவேன். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் யாராவது அதைக் கேட்டால் வாசலிலேயே நின்றுவிடுவார். அது இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு!

1775-இல் திருவாரூரில் பிறந்தவர் தீட்சிதர். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அவற்றுக்குச் சாகித்தியம் கட்டினார். நோட்டு சுரம் எனப்படும் இவை ஏறக்குறைய 40 இருக்கும். கமகம் கிடையாது, சங்கராபரண சுரங்கள் மட்டும். இளம் விரல்களுக்கு வாகானவை. தம்பி பாலுசாமியோ பிடிலையே கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார்.

பிறகு குரு சிதம்பரநாத யோகியுடன் தீட்சிதருக்குக் காசிவாசம். அந்த இந்துஸ்தானி வாசனை திருவானைக்கா கீர்த்தனையின் யமுனா கல்யாணியில் வீசும்.

பஞ்சபூதத் தலங்களில் நம்மூர் திருவண்ணாமலை அக்னி. அண்ணாமலையாருக்கு அவர் பாடியது ‘அருணாசலநாதம்’: சாரங்க ராகம், ரூபக தாளம். பிரதி மத்தியமத்தில் ஏறி, இறங்கும்போது சுத்த மத்தியமத்தைத் தொட்டு வரும் அந்தப் பிடியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். இது ரமணர் காலத்துக்கு முந்திய பாட்டு. ரமணர் இங்கு வந்ததோ 1896-இல்; தீட்சிதர் 1835 தீபாவளியன்றே எட்டயபுரத்தில் காலமாகிவிட்டார்.

தீட்சிதரைக் கடினம் என்று ஒதுக்காதீர்கள். நோட்டு சுரத்தில் தொடங்குங்கள்; அருணாசலநாதம் தானாக வரும்.