ஜுப்பா என்னும் சொல்



ஜுப்பா என்றதும் கணுக்கால்வரை தொங்கும், கை அகன்ற, தளர்ந்த அங்கியே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அணிந்த ஜுப்பாக்களில் ஒன்று, கை இறுகியதாக இருந்தது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணம். நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ய, முகீரா பின் ஷுஉபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அண்ணலார் அணிந்திருந்தது ஷாம் தேசத்து ஜுப்பா. அதன் கைகள் மிகக் குறுகலாக இருந்ததால் முழங்கைக்கு மேல் ஏற்ற இயலவில்லை. எனவே ஜுப்பாவின் அடிப்புறமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். அன்று ஷாம் ரோமர்களின் ஆட்சியில் இருந்தது. திர்மிதியின் அறிவிப்பில் அதற்கு ரோம ஜுப்பா என்றே பெயர். ஷாம் ஜுப்பா அணிந்து தொழுவதைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தனித் தலைப்பே இட்டுள்ளார்கள். பிற சமயத்தார் நெய்த ஆடை என்பது தொழுகைக்குத் தடையாகவில்லை.

பெயரிலும் தளர்வு என்ற பொருள் இல்லை. 'ஜப்ப' என்னும் அரபு வினைக்கு வெட்டுதல் என்று பொருள். யூசுஃப் (அலை) அவர்கள் போடப்பட்ட கிணற்றைக் குர்ஆன் 'ஜுப்பு' என்கிறது. அதாவது, மண்ணை வெட்டியெடுத்த, சுற்றுச்சுவர் கட்டாத கிணறு. இடுப்பில் உடுத்தும் இஸாருக்கும் மேலே போர்த்தும் ரிதாவுக்கும் கத்தரி தேவையில்லை. வெட்டித் தைத்து அணிவதே ஜுப்பா. போர்வீரரின் இரும்புக் கவசத்தையும் அரபிகள் அப்பெயரால் அழைத்தனர்.

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் 'அல்ஜூபா' என நிலைத்த இச்சொல், பிரெஞ்சில் 'ஜூப்' ஆகி, இன்று பெண்களின் பாவாடையைக் குறிக்கிறது! போர்ச்சுகீசியரின் 'ஜிபாவ்' ஜப்பான் வரை சென்று, கிமோனோவின் உள்ளாடைக்கு 'ஜுபான்' என்று பெயராயிற்று. தமிழகத்திலோ அது ஜிப்பா. கழுத்துப்பட்டி இல்லாத அத்தளர்ந்த சட்டையைச் சமய வேறுபாடின்றி எல்லோரும் அணிகின்றனர். அரபுச் சொல் என்ற நினைவே பலருக்கு இல்லை.

ஜுப்பா அணியாத இமாமைக் கண்டு முணுமுணுப்போர் சில மஹல்லாக்களில் உண்டு. அண்ணலாருக்கு மிகப் பிரியமான ஆடை கமீஸ் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை அவர்கள் அறியார் போலும்.

நபிகளாரின் மற்றொரு ஜுப்பா, பட்டு விளிம்பு வைத்துத் தைத்த பாரசீக வகை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வஃபாத்தாகும்வரை அது அவர்களிடம் இருந்தது. பின்னர் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் வந்தது. நோயாளிகளுக்காக அதனைக் கழுவி, அந்நீரால் அவர்கள் நிவாரணம் தேடி வந்தார்கள்.