சேரன்மாதேவிப் பந்தி: 1925ஆம் ஆண்டுப் பத்திரிகைகளில் ஓர் எதிர்ப்பின் தடம்

1925 ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி திருச்சியில் கூடி ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த நிறுவனமும் பிறப்பைக் கொண்டு உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்பது அதன் சாரம். கொண்டுவந்தவர் எஸ். இராமநாதன். ஆதரவாக 19 பேரும் எதிராக 7 பேரும் வாக்களித்தனர். தீர்மானம் நிறைவேறியதும் இராஜாஜி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், கே. சந்தானம் முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். இவ்வளவுக்கும் தொடக்கம், திருநெல்வேலிச் சீமையில் ஒரு குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மற்றப் பிள்ளைகளோடு பந்தியில் உட்காராமல் தனியே சாப்பிட்டதுதான்.

கல்வி நிலையத்தில் கலந்து பழகுவதை எதிர்த்த வரலாறு என்றால் நம் மனத்தில் முதலில் வருவது அமெரிக்காதான். 1956 பிப்ரவரியில் ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில நாட்களில் பெருங்கூட்டம் திரண்டு அவரைத் துரத்தியது. நிர்வாகம் கூட்டத்தை விட்டுவிட்டு அவரை இடைநீக்கம் செய்தது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது நடந்த கலவரத்தில் இரண்டு உயிர்கள் போயின. இறந்தவர்களில் ஒருவர் செய்தி சேகரிக்க வந்த பிரெஞ்சுப் பத்திரிகையாளர். அந்த எதிர்ப்பைப் பழைய நாளிதழ்களில் தேடுவது எளிது. புகைப்படமே சாட்சி சொல்லிவிடும். சேரன்மாதேவியில் கல் பறக்கவில்லை, கூட்டம் கூடவில்லை. அங்கே எதிர்ப்பு பத்திரிகைக் கடிதமாகவும் சமாதான யோசனையாகவும் ராஜினாமாவாகவும் வந்தது. அதனாலேயே அதை அடையாளம் காண்பதற்குப் பத்திரிகைகளை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

குருகுலத்துக்கு முன்பே சென்னை இராஜதானியின் மாணவர் வாழ்க்கையில் சாப்பாட்டுக் கூடம் பிரிந்துதான் கிடந்தது. கல்லூரி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் விடுதிக்கு வந்தால் வேறு வேறு சமையலறைக்குப் போனார்கள். வெளியூரிலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவருக்குத் தங்கவும் உண்ணவும் இடம் கிடைப்பது பெரும்பாடு. டாக்டர் சி. நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். அவரும் சேர்ந்து நிறுவிய நீதிக்கட்சியின் வரலாற்றை அரசுப் பதவிகளின் கணக்கிலிருந்து தொடங்குவோர் உண்டு. விடுதிச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

வ.வே.சு. ஐயர் குருகுலம் தொடங்கியது 1922 இறுதியில். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி. லண்டனில் புரட்சிக்காரர்களோடு பழகியவர். பத்தாண்டு புதுச்சேரியில் தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்தவர். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்து சிறை சென்றவர். அந்தச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். அரசுப் பள்ளியின் குமாஸ்தாக் கல்விக்கு மாற்றாகத் தாய்மொழிப் படிப்பு, உடற்பயிற்சி, கைத்தொழில், வேளாண்மை என்று திட்டமிட்டார். ‘பால பாரதி’ என்ற மாத இதழும் அங்கிருந்து வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் மலாயாத் தமிழரும் பணம் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. மீதி ஐயாயிரத்தைச் செயலாளரான தமக்குத் தெரியாமலே இணைச் செயலாளரிடம் காசோலையாக வாங்கிக்கொண்டார்கள் என்று பெரியார் ஈ.வெ.ரா. பின்னாளில் பலமுறை சொன்னார். ஆக, பொதுப் பணத்தில் நடந்த தேசியப் பள்ளி அது. இந்த ஒரு செய்தி இல்லையென்றால் சர்ச்சையே வெறும் வீட்டு விவகாரமாகப் போயிருக்கும்.

தனிப் பந்தி எப்படி வெளியே தெரிந்தது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. பின்னாளில் சென்னை இராஜதானியின் பிரதமரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் இருந்த வேற்றுமையைத் தகப்பனாரிடம் போய்ச் சொன்னான். தகப்பனார் காங்கிரஸ் தலைவர்களிடம் கொண்டுபோனார். டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுத, மாவட்டக் கூட்டங்களிலும் அதுவே பேச்சாயிற்று. பத்திரிகை இங்கே நடந்ததைக் குறித்துக்கொண்ட கருவி மட்டுமல்ல, போராட்டம் நடந்த களமே அதுதான். ஆய்வாளர்கள் இதை மறக்கக் கூடாது. 1925ஆம் ஆண்டுப் பத்திரிகையை நடுநிலைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் கட்சிக்காரரையே நீதிபதியாக உட்கார வைத்ததாகும்.

எதிர்ப்புத் தரப்பின் வாதங்களைப் பார்ப்போம். தனிப் பந்தியே தருமம், அது நிலைக்க வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடிய காங்கிரஸ்காரர் அரிது. பெரும்பாலோர் வேறு வழியில் வந்தார்கள். அந்த இரு சிறுவர்களின் பெற்றோருக்கு ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார், கொடுத்த வாக்கை மீறுவது அறமா என்பது முதல் வாதம். இதற்கு நல்ல கனம் இருந்தது. 1925 மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்தபோது இந்தப் பிரச்சினை அவரிடமும் போனது. ஏற்கெனவே உள்ள இருவருக்கும் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் இந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்பதாக அவர் யோசனை சொன்னார். காந்தியின் அப்போதைய நிலைக்கு இது ஒத்ததே. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் உறுதியாக நின்ற அவர், சமபந்தி உண்பது அதன் இன்றியமையாத பகுதியல்ல என்று 1921லேயே ‘யங் இந்தியா’வில் எழுதியிருந்தார்.

ஆனால் வாக்குறுதி வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வாக்குக் கொடுத்தது இரண்டு பெற்றோருக்கு. தேசியக் கல்வி என்று நம்பிப் பிள்ளையை அனுப்பிய மற்றப் பெற்றோருக்கும், நன்கொடை கொடுத்தவருக்கும், காங்கிரஸுக்கும் சொல்லாமல் சொன்ன வாக்கு ஒன்றும் இருந்ததே! அதை யார் காப்பது? நாயுடுவின் தரப்பு விடாமல் கேட்டது இதைத்தான். எதிர்த்தரப்பில் இதற்கு நேரான பதில் இல்லை.

இரண்டாவது வாதம், சாப்பாடு சமூகக் காரியம், அரசியல் கமிட்டி அதில் தலையிடலாகாது என்பது. மூன்றாவது, சுயராஜ்யம் வரட்டும், உள் சண்டையைப் பிறகு பார்ப்போம் என்பது. இவ்விரண்டும் இன்றுவரை பல மேடைகளில் கேட்பவைதாம், விளக்கம் வேண்டியதில்லை. நான்காவதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது: வகுப்புத் துவேஷத்தைக் கிளப்புகிறவர் நாயுடுதான் என்பது. பந்தியைப் பிரித்தவரை விட்டுவிட்டுப் பிரிந்திருப்பதைச் சொன்னவரைக் குற்றவாளி ஆக்கும் வாதம் இது. அலபாமாவில் கூட்டத்தைக் கலைக்காமல் மாணவியை வெளியேற்றியதும் இதே தர்க்கத்தில்தான்.

எதிர்த்து வாக்களித்தவர்களை எல்லாம் வைதிகர்கள் என்று தள்ளிவிட முடியாது. விலகியவர்களில் முதன்மையான இராஜாஜி, பின்னால் 1933இல் தம் மகளைக் காந்தியின் மகனுக்கே மணம் செய்து கொடுத்தவர். குருகுலத்தை நடத்திய ஐயரும் சொந்த வாழ்வில் ஜாதி பார்த்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. தம் அளவில் ஆசாரத்தை மீறியவர்கள், நிறுவனத்தின் விதியாக அதை மீறச் சொன்னபோது தயங்கினார்கள். சீர்திருத்தம் தனிமனிதர் மனம் மாறி வர வேண்டும், கமிட்டியின் கட்டளையால் வரக் கூடாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை நேர்மையானதே. ஆனால் தனிப் பந்திக்கு நிழல் கொடுத்தது அதுதான். வைதிகரின் பிடிவாதத்தை விட இந்த நல்லவர்களின் தயக்கமே தமிழ்நாட்டு அரசியலை அதிகம் மாற்றியது என்பேன்.

ஐயர் தலைமைப் பொறுப்பை விட்டார்; மகாதேவ ஐயர் ஏற்றார். 1925 ஜூன் முதல் வாரத்தில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போன வ.வே.சு. ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி கிடைக்காமல் பெரியார் வெளியேறினார். இவை எல்லோரும் அறிந்தவை.

இனிப் பத்திரிகைகளின் பக்கம் வருவோம். பெரியாரின் ‘குடி அரசு’ முதல் இதழ் ஈரோட்டில் 1925 மே 2ஆம் நாள் வந்தது. திருச்சி வாக்கெடுப்பின் சூடு ஆறவில்லை. ஆகவே சர்ச்சையின் முதல் கட்டத்துக்குக் ‘குடி அரசு’ சாட்சியாக முடியாது. பின்னோக்கிச் சொன்ன சாட்சியை உடனிருந்த சாட்சியாக மேற்கோள் காட்டும் பழக்கம் நம் கட்டுரைகளில் மலிந்திருக்கிறது. முதல் கட்டத்துக்கு வேண்டியவை நாயுடுவின் ‘தமிழ்நாடு’, திரு.வி.க.வின் ‘நவசக்தி’, ‘சுதேசமித்திரன்’, ‘தி இந்து’. இவற்றில் ‘தமிழ்நாடு’ முழு வரிசையாகக் கிடைப்பது அரிது. பழ. அதியமான் சேரன்மாதேவி குருகுலம் பற்றியும் நாயுடுவைப் பற்றியும் எழுதிய நூல்கள் இல்லையென்றால் இந்தத் தலைமுறைக்கு நாயுடுவின் பங்கே மங்கிப்போயிருக்கும்.

இன்னொரு மூலமும் உண்டு. சென்னை அரசு தாய்மொழிப் பத்திரிகைகளைப் படித்துச் சுருக்கி அறிக்கை தயாரித்து அதிகாரிகளுக்கு அனுப்பிவந்தது. மூல இதழ் கரையான் தின்று போன இடத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள அந்தச் சுருக்கம் நமக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அதைத் தொகுத்தவருக்குக் காங்கிரஸுக்குள் விழும் விரிசல்தான் செய்தி. குருகுலத்தில் என்ன பாடம் நடந்தது, பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பது செய்தியல்ல. ஆகவே அந்த அறிக்கைகளை மட்டும் படிப்பவருக்குச் சேரன்மாதேவி பள்ளிக்கூடமாகத் தெரியாது, சண்டைக் களமாகத்தான் தெரியும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய இடைவெளி ஒன்று. பிராமணச் சிறுவரும் பிற ஜாதி இந்துச் சிறுவரும் ஒன்றாக உண்பதா என்பதே அந்த மாதங்களின் வழக்கு. ஆதி திராவிடக் குழந்தைகள் அந்தக் கூடத்தில் எங்கே உட்காருவார்கள் என்ற கேள்வி விவாதத்தின் நடுவுக்கு வரவே இல்லை. அதைக் கேட்ட பத்திரிகைகள் முன்பே இருந்தன: இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’, அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’. பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் குரல் அவற்றில் இருக்கிறது. 1925ஆம் ஆண்டுச் சர்ச்சையை அவற்றோடு சேர்த்து வாசிக்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓடைப்பட்டியிலிருந்து இதை எழுதும் எனக்கு, இந்தக் கதையின் இரண்டு இழைகள் இங்கே வந்து சேர்வது தெரிகிறது. ஒன்று வைக்கம். 1924 மார்ச் 30இல் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகம் நடந்த இடம் எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் தாண்டிக் குமுளி ஏறிக் கோட்டயம் இறங்கினால் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக அங்கே சிறைபட்ட பெரியாரே தமிழ்நாடு காங்கிரஸின் செயலாளராகச் சேரன்மாதேவிப் பந்திக் கதையையும் கேட்டார். தெருவுக்கு ஒரு நீதி, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு நீதி என்று அவரால் ஏற்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

மற்றொன்று இன்றைய சங்கதி. எங்கள் மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மக்கள் சுடப்பட்ட பிறகு விரிந்த திட்டத்தின் மிச்சம் அவை. தனித்தனித் துறைகளின் கீழுள்ள பள்ளிகளை எல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குக் கொண்டுவருவோம் என்று 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் ஜாதிப் பகையால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். அதையடுத்து அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் எதிர்ப்பு எழுந்தது.

இந்த எதிர்ப்பையும் 1925ஆம் ஆண்டு எதிர்ப்பையும் ஒரே தராசில் வைப்பது தவறு. அங்கே தனியே உட்கார்ந்தது மேலே இருந்தவர்கள். இங்கே சட்டம் போட்டு அடைக்கப்பட்ட ஒரு சமூகம், அதற்கு ஈடாகக் கிடைத்த பள்ளியும் விடுதியும் ஆசிரியர் பணியிடமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுகிறது. அச்சத்துக்கு அரசு எழுத்தில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். அதே நேரம், ஒரு வகுப்பறையின் வாசலில் ஜாதிப் பெயர் எழுதியிருப்பது பிள்ளைக்கு நல்லதல்ல என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. யார் எந்த வாதத்தைச் சொன்னார்கள், எந்தப் பத்திரிகை அதை எப்படி வெளியிட்டது என்பதை வைத்தே இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும்.

‘தமிழ்நாடு’ இதழ்கள் வீட்டுப் பரண்களிலேயே மக்கிப்போயின. இன்றைய கள்ளர் பள்ளிச் சர்ச்சையின் சான்றுகளுக்கும் அந்தக் கதி வரக் கூடாது. நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள், கூட்டத் துண்டறிக்கைகள், சங்கங்களின் மனுக்கள், பழைய விடுதிப் பதிவேடுகள் எவை வீட்டில் இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிடமோ ஊர் நூலகத்திடமோ ஒப்படையுங்கள்.