திருவையாற்று ஆராதனைத் தலங்கள்

கொல்கத்தாவின் தென்மேற்குப் புறத்தே உள்ள பெஹாலாவில் குடியேறிய என்போன்ற தமிழருக்குத் திருவையாற்று ஆராதனை நெடுங்காலம் செவியால் மட்டுமே அறிந்த ஒரு விழா. புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் வானொலி அஞ்சல் செய்யும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்டு, அவ்விடம் எத்தகையது என்று கற்பனை செய்துகொள்வோம். அதனை நேரிற் காணும் வாய்ப்பு எனக்கு நாற்பது வயதைக் கடந்த பின்னரே கிட்டியது.

தஞ்சையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைப் பாலங்களால் கடந்தே ஊருக்குள் நுழைகிறோம். ஊரின் பெயர்க்காரணத்தை வண்டிப் பயணமே விளக்கிவிடுகிறது. இசைக்கு இவ்வூர் புதியதன்று. அப்பரடிகள் கயிலைக் காட்சி பெற்றுப் பாடிய தலமாகச் சைவ மரபு போற்றும் ஐயாறப்பர் கோயில் ஊரின் நடுவே விளங்குகிறது. தெய்வத்தை இசையால் வழிபடும் நெறி இங்குத் தியாகையருக்குப் பன்னூறு ஆண்டுகள் முந்தியது.

அடுத்துக் காணத்தக்கது திருமஞ்சன வீதி. 1767-ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்த தியாகையர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது இவ்வீதியில்தான். தஞ்சை அரசவையின் அழைப்பை அவர் ஏற்க மறுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் வாழ்ந்த பழைய வீடு இன்று இல்லை; அவ்விடத்தில் நினைவகம் எழுந்துள்ளது.

அங்கிருந்து காவிரிக் கரைக்கு வந்தால் சமாதியை அடைகிறோம். 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் மறைந்தார். மாணாக்கர் தத்தம் ஊர்களில் குருவின் நாளைக் கொண்டாடி வந்தனர். சமாதியோ கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1903-ஆம் ஆண்டில், அவருடைய நேர் மாணாக்கரும் முதியோருமான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து அதனைச் சீர்ப்படுத்தினர். அதன்பின் ஆண்டுதோறும் இசைவாணர் அங்குக் கூடலாயினர்.

கூடியவர்கள் நெடுநாள் ஒற்றுமையாக இருந்திலர். சில ஆண்டுகளிலேயே பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாகப் பிரிந்து, ஒரே குருவுக்கு இரண்டு விழாக்கள் எடுத்தனர். ஒரு சாரார் பஞ்சமியோடு தம் விழாவை முடிப்பர். மற்றொரு சாரார் அன்றே தொடங்குவர். எனினும் ஒன்றில் மட்டும் இரு சாராரும் உடன்பட்டிருந்தனர். அது, பெண்கள் சமாதியின் முன் பாடலாகாது என்பது.

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். தேவதாசி மரபில் 1878-ஆம் ஆண்டில் பிறந்து, மைசூரில் வளர்ந்து, சென்னையில் புகழுடன் வாழ்ந்த பாடகி அவர். சமாதி பாழ்பட்டுக் கிடக்கிறது என்று தம் ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய செய்தி அவரைத் திருவையாற்றுக்கு ஈர்த்தது. 1921-ஆம் ஆண்டில் திருப்பணியைத் தொடங்கினார். ஈட்டிய பொருளையெல்லாம் செலவிட்டு நிலம் வாங்கி, சமாதியின்மீது கோயில் எழுப்பி, தியாகையரின் சிலையையும் நிறுவினார். ஆயினும் தாம் கட்டிய கோயிலின் முன்பே பாட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் ஊரைவிட்டு அகலவில்லை. 1927 முதல், மகளிரைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தே தனியாக விழா நடத்தினார். அது பெண்கள் கட்சி எனப் பெயர் பெற்றது.

1940-41 அளவில் எஸ். ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் கட்சிகள் ஒன்றாயின. பெண்களுக்கும் சமாதியின் முன் பாடும் உரிமை கிட்டியது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினங்களை அனைவரும் ஒருங்கே பாடும் முறையும் அக்காலத்தை ஒட்டியே நிலைபெற்றது. வானொலியில் நாம் கேட்கும் அப்பெருங்குரல் பழைய பூசல் ஓய்ந்த பின்னர்த் தோன்றிய குரல் என்பதை எண்ணும்போது அதன் இனிமை பெருகுகிறது. 1952-இல் மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதி இன்று தியாகையர் சன்னிதியை நோக்கியே அமைந்திருக்கிறது.

திரும்பி வந்ததும், பெஹாலாவை அடுத்த பரிஷாவில் உள்ள ஆட்சாலா மண்டபத்தைப் புதிய கண்ணோடு பார்த்தேன். சூதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்னும் மூன்று ஊர்களையும் 1698-ஆம் ஆண்டில் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தார் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த இடமாக அது போற்றப்படுகிறது. பழைய மண்டபத்தில் எஞ்சியவை தூண்களே. எனினும் துர்க்கா பூஜை ஆண்டுதோறும் அங்கு நடைபெறுவதால் அவ்விடம் உயிரோடிருக்கிறது. வருவோர் இருக்கும்வரை தலம் வாழும். வருவோரைத் தடுத்தால் அது வெறும் கல்லாகிவிடும். இரு ஊர்களிலும் நான் கண்ட உண்மை இதுவே.

வெளி மாநிலங்களில் வாழும் நாமும் ஆங்காங்கே சிறிய அளவில் ஆராதனை நடத்துகிறோம். இங்கேயே பிறந்த என் மகள், தெலுங்குக் கீர்த்தனையை வங்காள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். தமிழ் எழுத்து அறியாதவள் இவ்வரிசையில் அமர்வதா என முன்னொரு நாள் ஒருவர் கேட்டார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. இப்பொழுது கேட்பாராயின், நாகரத்தினம்மாளின் வரலாற்றை அவருக்குச் சொல்வேன். பின்னர் என் மகளுக்குத் தமிழ் எழுத்தையும் கற்பிப்பேன்.