நம்முடையதா, எங்களுடையதா?

1980இல் பிரிட்டிஷ் தொல்லியல் கவுன்சிலும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து ஓர் இயக்கம் நடத்தின. 'ஸ்டாப் டேக்கிங் அவர் பாஸ்ட்' என்பது முழக்கம், சுருக்கமாக 'ஸ்டாப்'. மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஓய்வுநாட்களில் வயல்காட்டில் திரிந்த பொழுதுபோக்குக்காரர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. இதைத் தமிழில் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன். 'நம் கடந்தகாலம்' என்றால் வயலில் நிற்பவனுக்கும் அதில் பங்குண்டு. தன்னுடையதை எடுக்கிறவனை எப்படித் திருடன் என்பது? 'எங்கள் கடந்தகாலம்' என்றால் அவன் வெளியாள். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் பூசி மெழுகியதைத் தமிழ் இலக்கணம் போட்டு உடைத்துவிடுகிறது.

அன்றைய தொல்லியலாளர் எழுத்தில் அவன் 'புதையல் வேட்டைக்காரன்', இருட்டில் வந்தால் 'நைட்ஹாக்'. சரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்ட்ஷயரில் நூற்றுக்கணக்கான புதைமேடுகளைத் திறந்து பார்த்த ரிச்சர்ட் கோல்ட் ஹோருக்கும் வில்லியம் கன்னிங்டனுக்கும் என்ன பெயர்? முன்னோடிகள். ஹோர் வங்கிக் குடும்பத்து வாரிசு, பெரும் பண்ணைக்குச் சொந்தக்காரர். மண்ணை வெட்டியவர்கள் கூலியாட்கள். அவர்கள் குறிப்பெடுத்தார்கள், புத்தகம் போட்டார்கள் என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் குறிப்பெடுக்கும் ஓய்வும் அச்சேற்றும் வசதியும் யாருக்கு வாய்த்தன என்கிற கேள்வியை அந்தப் பதில் தாண்டிப்போய்விடுகிறது.

இதைச் சொன்ன கையோடு டிடெக்டர்காரனை மக்கள் வரலாற்றின் நாயகனாக்கிவிட நம்மில் சிலருக்குக் கை பரபரக்கும். வேண்டாங்க. ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பேச்சு. பிடுங்கி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உலோகம். சர்ரேயில் வான்பரோ என்ற இடத்தில் ரோமானியர் காலத்துக் கோயில் ஒன்று இருந்தது. 1980களின் நடுவில் திருட்டுத் தோண்டலில் ஆயிரக்கணக்கான காசுகள் போயின. கூடவே அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்பதற்கான சாட்சியமும் போயிற்று. அதற்குப் பின் சர்ரே தொல்லியல் சங்கம் போராடியதும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம். (இந்தியாவுக்கு 1878இலேயே புதையல் சட்டம் எழுதிக் கொடுத்தவர்கள், தங்கள் ஊருக்கு எழுத அத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள்!)

இடையில் 1992 நவம்பர். சஃபோக்கில் ஹாக்ஸன் கிராமம். குத்தகை விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிப்போன எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரரின் கருவி வேறெதற்கோ ஒலித்தது. கொஞ்சம் எடுத்துப் பார்த்தார், நிறுத்தினார், தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் முறைப்படி அகழ்ந்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள், பொன் நகைகள், வெள்ளிக் கரண்டிகள். அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக்கூட ஊகிக்க முடிந்தது. 'வேட்டைக்காரன்' என்ற படிமத்துக்குள் இந்த மனிதரை எப்படி அடைப்பது?

1997இல் பொருட்களைப் பதிவு செய்யும் திட்டம் வந்தது. அகராதியும் மாறியது, இப்போது அவர் 'கண்டெடுத்தவர்'. 2014க்குள் பதிவுகள் பத்து லட்சத்தைத் தாண்டின. திருட்டு நின்றுவிடவில்லை: 2015இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த வைக்கிங் காலப் புதையலை மறைத்த இருவர் 2019இல் சிறை சென்றார்கள். மற்றவர்களோடு சமாதானம் ஆகிவிட்டது என்கிறார்கள். புதையலென்று அறிவித்து அருங்காட்சியகம் வாங்கினால் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் பணம். அது என்ன, எந்தக் காலம், யாருடையது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் 1980இல் இருந்த அதே கையில்தான். ஹாக்ஸனில் தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போயிற்று.